எந்தத் தண்ணீருக்கு எந்த வழி? கிராமத்து வீடுகளுக்கான குடிநீர்ச் சுத்திகரிப்பு: ஓர் ஒப்பீடு

ஆர்.ஓ. இயந்திரம் (நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி) விற்க வீடு வீடாக வருகிறவர்களில் சிலர் ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தால், இரண்டு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் சேறுபோலப் பழுப்பாகிவிடும். அவர்களுடையது அப்படியே தெளிவாக நிற்கும். இதையா பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று பார்ப்பவர் பதறிப்போவார். ஆனால் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பி இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரைந்து துருவாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடவில்லை, அதனால் கம்பி கரையவில்லை. அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா, ஃப்ளோரைடு இருக்கிறதா என்பதைப் பற்றி இந்தச் சோதனை எதுவுமே சொல்வதில்லை.

இப்படிப் பயந்துபோய் மாதத் தவணையில் இயந்திரம் வாங்கிய வீடுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏராளம். அவற்றில் பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை. உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளில் வடிகட்டி மாற்றக் காசில்லாமல் அது மூலையில் கிடக்கிறது. ஆகவே எந்த இயந்திரம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நம் தண்ணீரில் என்ன கெடுதல் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்வது

தண்ணீரில் வரும் கெடுதல் மூன்று வகை. கண்ணுக்குத் தெரியும் கலங்கல் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமி இரண்டாவது. கரைந்திருக்கும் பொருள்கள் மூன்றாவது: உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். அதுமட்டுமல்ல, 10 லிட்டர் வற்றி 9 லிட்டரானால் ஃப்ளோரைடின் செறிவு கூடவும் செய்யும். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்லும் எண்களில் வீட்டுக்கு வேண்டியவை சிலவே. கரைந்த உப்பின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். ஃப்ளோரைடு 1.0, வேறு வழியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகை கிடையாது. கிருமியைப் பொறுத்தவரை, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பேருக்கு, முடிந்தவரை பெண்களுக்கே, களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். உப்பு வகைகளை ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, பார்த்தால் போதும். கிருமியை அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்கான ஹைட்ரஜன் சல்பைடு குப்பி மிக எளிது: கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, நிழலில் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கழிவு கலந்த தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுப்பாகும். அழுகிய முட்டை வாடை வீசும் ஆழ்துளைக் கிணறுகளில் மட்டும் இந்தக் குப்பி கிருமி இல்லாமலும் கறுக்கக்கூடும். அங்கே ஆய்வகம்தான் வழி.

விற்பவர் நீட்டும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும். அதில் 150 என்று காட்டும் தண்ணீரில் காலரா கிருமி இருக்கலாம், 3 மில்லிகிராம் ஃப்ளோரைடும் இருக்கலாம்.

கிருமிதான் பிரச்சினை என்றால்

ஆற்றுப்படுகைக் கூட்டுக் குடிநீர், திறந்த கிணறு, ஊருணி, மேல்நிலைத் தொட்டி வழியே வரும் நல்ல போர் தண்ணீர் ஆகியவற்றில் பெரும்பாலும் பிரச்சினை இதுதான். இங்கே போட்டியில் இருப்பவை கொதிக்க வைத்தல், குளோரின், கேண்டில் ஃபில்டர், வெயில், மணல் வடிகட்டி, யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு.

கொதிக்க வைப்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குமிழி பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி, வைரஸ், குடல் ஒட்டுண்ணி எல்லாம் போய்விடும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூடச் சாகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சாதாரண கேஸ் அடுப்பில் ஏறக்குறைய 11, 12 கிராம் எரிவாயு செலவாகும். ஐந்து பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் கொதிக்க வைத்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தண்ணீருக்கு மட்டுமே இரண்டு மாதத்தில் தீரும். விறகடுப்பில் லிட்டருக்கு 200 கிராம் விறகு. நாளுக்கு 4 கிலோ. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது நடக்காது. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் வேண்டிய இரண்டு மூன்று லிட்டருக்கு இது சரி. வீடு முழுவதற்கும் இதைச் சொல்வது, கடைப்பிடிக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுக் கைகழுவுவதுதான்.

குளோரின் விஷயத்தில் எங்கள் நிலைப்பாடு தெளிவானது: கிருமி மட்டும் உள்ள தெளிந்த தண்ணீருக்கு இதைவிட மலிவான, உறுதியான வழி இல்லை. மற்ற எல்லா முறைகளிலும் சுத்தமான தண்ணீர் திரும்பக் கெடலாம். குளோரின் மட்டும்தான் குடத்திலேயே தங்கிக் காவல் நிற்கும்.

செய்முறை இது. 25 சதவீதக் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 10 கிராமை எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் பசைபோலக் குழைத்து, 250 மில்லி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்து வையுங்கள். உலோக மூடி வேண்டாம், அரித்துவிடும். இது ஒரு சதவீதக் கரைசல். 20 லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்துக்கு 3 மில்லி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சில் அளப்பது நல்லது. ஒவ்வொரு வீட்டு டீஸ்பூனும் ஒவ்வொரு அளவு. அரை மணி நேரம் மூடி வைத்த பிறகே குடிக்க வேண்டும். கரைசல் இரண்டு வாரத்தில் வீரியம் இழக்கும். அதற்கு மேல் வைத்துக்கொண்டால் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள். சுய உதவிக் குழு ஒன்று 200 கிராமில் 5 லிட்டர் தயாரித்து இருபது வீட்டுக்குப் பகிர்ந்தால் வேலையும் குறையும், வீரியமும் ஒரே சீராக இருக்கும். ஒரு குடத்துக்கு ஆகும் செலவு சில காசுகள்.

எங்கே தவறுகிறது? முதலாவது, பவுடர். மூட்டை பிரித்து ஈரக்காற்றில் கிடந்த பவுடரில் குளோரின் பாதிகூட இருக்காது. கட்டி கட்டியாக, காரவாடை இல்லாமல் இருந்தால் அதை வாங்காதீர்கள். இரண்டாவது, கலங்கல். மண்ணும் பாசியும் குளோரினைத் தின்றுவிடும். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைத்து, துணியில் வடித்து, பிறகு இரண்டு மடங்கு அளவு போட வேண்டும். மூன்றாவது, நம் ஊருக்கே உரியது: மண்பானை. குளோரின் கலந்த தண்ணீரை மண்பானையில் ஊற்றினால் அது சீக்கிரம் போய்விடும். வெட்டிவேர் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். பானைத் தண்ணீரின் குளிர்ச்சியை யாரும் விட வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் குடத்தில் குளோரின் போட்டு அரை மணி நேரம் வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் பானைக்கு மாற்றி, அன்றே தீர்த்துவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தனியே எடுத்த கொஞ்சம் தண்ணீரில் ஆர்த்தோடோலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால் போதும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. போட்டு அரை மணி கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், மறுநாள் 0.2 இருந்தால் அளவு சரி. நிறமே வரவில்லை என்றால் 20 லிட்டருக்கு இன்னும் 2 மில்லி கூட்டுங்கள். வாடை பிடிக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது நியாயமான குறைதான். இரவே கலந்து காலையில் குடித்தால் வாடை வெகுவாகக் குறையும். ப்ளீச்சிங் பவுடரைக் கையாளப் பயப்படும் வீட்டுக்கு 20 லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை உண்டு. விலை கூடுதல், அளவுப் பிழை கிடையாது. எதுவானாலும், கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும்: மேல்நிலைத் தொட்டியில் ஒழுங்காகக் குளோரின் போட்டால் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், 25 சதவீதப் பவுடர் 120 கிராம். ஊரின் கடைசித் தெருக் குழாயில் சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே 0.2 இருந்தால் மூடிய குடம் ஒன்றே போதும். இல்லையென்றால் டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் போய்க் கேட்பது, நூறு வீடுகள் தனித்தனியாக ஃபில்டர் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

கேண்டில் ஃபில்டர் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: மேலே ஒரு எவர்சில்வர் பாத்திரம், கீழே ஒன்று, நடுவில் இரண்டு வெள்ளைப் பீங்கான் கேண்டில்கள். மின்சாரம் வேண்டாம், கலங்கலை அருமையாகப் பிடிக்கும், பாக்டீரியாவையும் பெருமளவு பிடிக்கும். வைரஸைப் பிடிக்காது. இதில் கோளாறு பெரும்பாலும் பீங்கானில் வருவதில்லை. அதன் அடியில் வருகிறது. கேண்டிலைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் குப்பி பிளாஸ்டிக் அடித்தட்டில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். அடித்தட்டுக்குக் கீழே ரப்பர் வாஷர், பாத்திரத்துக்கு அடியில் இன்னொரு வாஷர், பிறகு சிறகு நட். வாஷர் காய்ந்து இறுகியிருந்தால் தண்ணீர் பீங்கான் வழியாக வராமல் துளையைச் சுற்றி ஒழுகிக் கீழே போகும். அப்போது ஃபில்டர் வேகமாக நிரம்பும். வீட்டார் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். திடீரென்று வேகம் கூடினால் அது கோளாறின் அறிகுறி.

சோதிக்க: கேண்டிலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, அதன் காம்பில் சிறு ரப்பர் குழாய் செருகி, தண்ணீருக்குள் முக்கிப் பிடித்தபடி மெல்ல ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழிகள் சரம்போல வந்தால் அங்கே விரிசல். தூக்கிப் போட வேண்டியதுதான். வாரம் ஒருமுறை மிருதுவான பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம், பீங்கான் உறிஞ்சிக்கொள்ளும். தேய்த்துத் தேய்த்துச் சுவர் மெலியும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். கேண்டிலில் வடிந்த 10 லிட்டருக்குக் கீழ்ப் பாத்திரத்தில் 2 மில்லி குளோரின் கரைசல் விட்டால், இரண்டின் குறையும் ஒன்றால் ஒன்று நிறைந்துவிடும். மழைக்காலத்தில் கலங்கல் வரும் ஊர்களுக்கு எங்கள் பரிந்துரை இந்த இணைதான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தவை கடையில் வரும் மின்சாரமில்லா ஃபில்டர்கள். 2009-ல் வந்த டாடா ஸ்வச் நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நுண்துகள் சேர்த்துச் செய்தது. இன்னும் சில குளோரின் மாத்திரை உள்ளவை. வேலை செய்யும். ஆனால் மாற்று உறை உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சந்தையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உறை கிடைக்காத ஃபில்டர் ஆறு மாதத்தில் அரிசி அளக்கும் டப்பாவாகிவிடும்.

வெயில் முறைக்குச் செலவே இல்லை. நிறமற்ற 2 லிட்டர் பெட் பாட்டிலை நிரப்பித் தகரத்தின்மேல் படுக்க வைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம். பாதி வானம் மேகமென்றால் இரண்டு நாள். 20 லிட்டர் கேனில் செய்ய முடியாது, ஒளி உள்ளே போகாது. பாட்டிலைச் செய்தித்தாள்மேல் நிறுத்தி வாய்வழியே பார்க்கும்போது தலைப்பு எழுத்து தெரியாவிட்டால் தண்ணீர் அளவுக்கு மீறிக் கலங்கல். பங்குனி, சித்திரை வெயிலுக்கு இது அருமையான முறை. ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கிணறும் குழாயும் கழிவு கலந்து கெடுகின்றன; அந்த மாதங்களில் வெயிலை நம்ப முடியாது. ஆகவே இது துணை வழிதான்.

உயிர்மணல் வடிகட்டியை 1990-களில் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் உருவாக்கினார். கான்கிரீட் பெட்டியில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நுண்மணல், கீழே இரண்டு அடுக்கு சரளை. மணலுக்கு மேல் எப்போதும் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அந்த மேற்பரப்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம்தான் கிருமியைத் தின்கிறது. படலம் முதிர ஒரு மாதம் வரை ஆகும். ஒருமுறை செய்தால் பல்லாண்டு உழைக்கும், மாற்றுப் பாகமே இல்லை. இருந்தும் தயக்கத்தோடுதான் சொல்கிறோம். ஆற்றுமணலைச் சலித்து, தேவையான அளவுக்குக் கழுவ நல்ல கைப்பழக்கம் வேண்டும். கூடக் கழுவினால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், குறைத்துக் கழுவினால் அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் படலம் பட்டினியாகும். வெளியூர் வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்குப் பொருந்தாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை இதில் ஊற்றவே கூடாது, படலம் செத்துப்போகும். பயிற்சி பெற்ற கொத்தனார் உள்ள ஊரில், கிணற்றையோ குளத்தையோ நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சரிவரும்.

யு.வி. விளக்குக்குத் தெளிந்த தண்ணீரும் தடையற்ற மின்சாரமும் வேண்டும். கடினத் தண்ணீரில் விளக்கின் கண்ணாடி உறைமேல் சுண்ணாம்புப் படலம் கட்டி ஒளியை மறைத்துவிடும். விளக்கு எரிவது மட்டும் தெரியும்.

கரைந்த பொருள்தான் பிரச்சினை என்றால்

இரும்பு இவற்றில் எளிது. பிடிக்கும்போது தெளிவாக இருந்து சற்று நேரத்தில் செம்பழுப்பாகும். டீ போட்டால் கறுக்கும். உயரத்திலிருந்து அண்டாவுக்கு நாலைந்து முறை ஆற்றி ஊற்றி, இரவு முழுக்க வைத்து, காலையில் மேல்தெளிவை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். குளோரின் போடுவதானால் இதற்குப் பிறகு.

ஃப்ளோரைடு அப்படியல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டையும், பெரியவர்களின் மூட்டிலும் முதுகிலும் இறுக்கமும் இதனால்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இதைத் தடுப்பதுதான். அந்தக் காவிரித் தண்ணீர் வரும் வீடு அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்கி, போர் தண்ணீரை மற்ற வேலைக்கு வைத்துக்கொண்டால் போதும். எந்த இயந்திரமும் வேண்டாம். சமையலையும் சேர்த்தே சொல்கிறோம். சோறும் குழம்பும் போர் தண்ணீரில் ஆனால் ஃப்ளோரைடு அந்த வழியாக வந்துவிடும்.

அப்படிக் காவிரித் தண்ணீர் வராத ஊரில் மூன்று வழிகள். நாக்பூரின் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி) நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையில் படிகாரமும் அதில் இருபதில் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலக்கி, ஒரு மணி நேரம் தெளிய வைத்து வடிக்க வேண்டும். பொருள்கள் மலிவு. ஆனால் படிகாரம் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 40 லிட்டர் வாளிக்கு 12 கிராமுக்கு மேல், தேவைப்படலாம். ஃப்ளோரைடையும் காரத்தன்மையையும் அளந்தே இதை முடிவு செய்ய வேண்டும். தவறினால் தண்ணீரில் அலுமினியம் மிஞ்சும். தினமும் கைவேலை, வண்டலைக் கொட்ட இடமும் வேண்டும். முதல் மாத உற்சாகம் போனதும் வீடுகள் இதைக் கைவிடுவது இயல்பு.

இரண்டாவது, ஆக்டிவேட்டட் அலுமினா வாளி. ஃப்ளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் அலுமினிய ஆக்சைடு மணிகள் மூன்று கிலோ, அவற்றின் வழியே தண்ணீர் சொட்டும். கிலோவுக்கு 1.5 கிராம் ஃப்ளோரைடு பிடிக்கும் என்று வைத்தால் மொத்தம் 4.5 கிராம், லிட்டருக்கு 3 மில்லிகிராம் எடுக்க வேண்டிய தண்ணீரில் 1500 லிட்டர். நாளுக்கு 20 லிட்டரென்றால் இரண்டரை மாதம். பிறகு காஸ்டிக் சோடாவிலும் அமிலத்திலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். இதை வீட்டில் செய்யக் கூடாது, பயிற்சி பெற்றவர் ஓரிடத்தில் செய்ய வேண்டும். கெடு முடிந்த மணி வெளியே எந்த அடையாளமும் காட்டாது. ஊற்றிய நாளைக் குறித்துவைக்கப் பொறுப்பான ஒருவர் இல்லாத ஊரில் இதைத் தொடங்க வேண்டாம்.

மூன்றாவது, மழைநீர். எங்கள் பார்வையில் ஃப்ளோரைடு ஊருக்கும் உப்புத் தண்ணீர் ஊருக்கும் இதுதான் முதலில் எண்ண வேண்டிய வழி. 20 சதுர மீட்டர் ஓட்டுக் கூரை, ஆண்டுக்கு 850 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று தள்ளினாலும் 13,600 லிட்டர். நாளுக்கு 25 லிட்டர் வீதம் தை முதல் சித்திரை வரை 120 நாளுக்கு 3000 லிட்டர் தொட்டி போதும். ஒவ்வொரு மழையிலும் முதல் 20 லிட்டரை வெளியே விட வேண்டும். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் இருக்கும். தொட்டி இருட்டாக, கொசு புகாதபடி வலையிட்டு இருக்க வேண்டும். குடிக்க எடுக்கும் குடத்தில் குளோரின். முதலீடு அதிகம்தான், மாதச் செலவு இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் ஆர்.ஓ. வருகிறது. டி.டி.எஸ். 2000-ஐத் தொடும் கடலோர ஊர்களுக்கும், ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் கூடி நிற்கும் போருக்கும் அது தேவைதான். மற்ற இடத்தில் கெடுதல்: 1 லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் 3 லிட்டர் சாக்கடைக்குப் போகும். டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டதும் இதனால்தான். கிராமத்தில் அது சாகும் விதம் ஒன்றே: கடினத் தண்ணீரில் சவ்வின்மேல் சுண்ணாம்பு படிகிறது, தண்ணீர் வருவது குறைகிறது, மெக்கானிக் நகரத்திலிருந்து வர வேண்டும், சவ்வு விலை கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம். ஆகவே தேவைப்படும் ஊரில் வீட்டுக்கு ஒன்று வேண்டாம். ஊராட்சிக்கு ஒரு நிலையம் வைத்து, 20 லிட்டருக்கு இவ்வளவு என்று வாங்கி, அந்தப் பணத்தில் இயக்குபவருக்குச் சம்பளமும் சவ்வு மாற்றும் நிதியும் ஒதுக்குங்கள். கழிவு நீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் விடலாம். கீரைப்பாத்திக்கு விடாதீர்கள், மண் உவராகும்.

குடமும் கையும்

மேலே சொன்ன எதைத் தேர்ந்தாலும் பணத்தில் ஒரு பகுதியை மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். வாயகன்ற அண்டாவில் சொம்பை முக்கி எடுக்கும்போது விரல் தண்ணீரில் படுகிறது. அரை நாளில் எல்லா வேலையும் வீண். குழாயை அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தினால் வண்டல் டம்ளருக்கு வராது. நிலையத்தில் வாங்கிய ஆர்.ஓ. தண்ணீருக்கும் இது பொருந்தும். அதில் குளோரின் இல்லாததால் கழுவாத கேனில் கிருமி தங்குதடையின்றிப் பெருகும்.

ஹைட்ரஜன் சல்பைடு குப்பியை நிரப்பும்போது ஃபில்டரின் வாயிலிருந்து பிடிக்காதீர்கள். வீட்டுப் பிள்ளை எந்த டம்ளரில் குடிக்கிறதோ அதில் அதே கையால் எடுக்கச் சொல்லி, அதிலிருந்து ஊற்றுங்கள். அது இரண்டு நாள் கழித்தும் நிறம் மாறாமல் இருந்தால், நீங்கள் தேர்ந்த வழி அந்த வீட்டில் வேலை செய்கிறது.